கண்ணாடியின் எந்தப் பக்கம்

"அக்கா, ஜன்னல் கண்ணாடியில ஒரு ஆள் தெரிஞ்சா, அவன் வெளிய நிக்கிறானா உள்ள நிக்கிறானான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

சின்னவள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. அம்மாவும் அப்பாவும் இல்லாமல் போன முதல் மழைக்காலம். அண்ணன் வண்டி ஓட்டப் போயிருந்தான். அக்காளும் தங்கையும் ஒரே போர்வைக்குள் சுருண்டு, இருட்டிவிட்ட ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேசாம தூங்கு" என்றாள் அக்காள். பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு... அன்றிலிருந்து, விளக்கு வைத்த பிறகு எந்த ஜன்னலுக்கும் அவள் நேருக்கு நேர் நின்றதில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் போய் வேலை கிடைத்தது கண்ணாடிகளோடு!

வானத்தை ஆராயும் நிலையம் அது. அண்ணன் அங்கே வேன் ஓட்டினான். தலைமை மேடத்தின் அறை வாசலில் நாள் கணக்கில் நின்று, இவளுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வானத்தைக் கண்ணாடித் தகடுகளில்தான் படம் பிடித்தார்களாம். அந்தத் தகடுகள் ஆயிரக்கணக்கில் கீழ்த்தள அலமாரிகளில் அடுக்கியிருந்தன. தூசி தட்ட வேண்டும். விளக்கு மேசையில் வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அந்தத் தகடுகள்... அவற்றில் எல்லாமே தலைகீழ். வானம் வெள்ளை. நட்சத்திரங்கள் கறுப்பு. வெளிறிப்போன ஒரு முகத்தில் மச்சங்கள் தெறித்தது போல இருக்கும். அவற்றைப் படம் பிடித்தவர்கள் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் விழித்திருந்த இரவுகள் மட்டும் பழுப்பு உறைகளுக்குள் இன்னும் விழித்துக்கொண்டிருந்தன. ஓர் உறையைப் பிரிக்கும்போதெல்லாம், தூங்குகிறவர் மேலிருந்து போர்வையை விலக்குவது போலக் கை கூசும் அவளுக்கு.

மேல்மாடியில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கண்ணாடி'. "கண்ணாடியைக் கேளு, கண்ணாடி எடுத்துத் தரும்" என்பார்கள். அவளும் அதற்கேற்றாற்போல் வாயைத் திறக்காமல் எடுத்துத் தருவாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. நாலு மணிக்கே வானம் இருண்டு கொட்ட ஆரம்பித்துவிட்டது. விளக்கு மேசையின் வெளிச்சம் மட்டும் போதும் என்று மற்ற விளக்குகளை அவள் போடவில்லை. கையில் ஒரு தகட்டை ஏந்திக்கொண்டு நிமிர்ந்தவள்... அப்படியே உறைந்து போனாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

கொட்டும் மழையில், தோட்டத்துச் செடிகளுக்கு நடுவில், அசையாமல். அவளையே பார்த்துக்கொண்டு. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். அதைவிட... அந்தக் கண்கள்! யாரையோ தொலைத்துவிட்டு வெகுநாளாகத் தேடிக்கொண்டிருக்கிற கண்கள். இவ்வளவு மழை பெய்கிறதே, இவன் சட்டை ஏன் நனையவில்லை என்று அவளுக்குத் தோன்றிய அந்த நொடியில்...

"விளக்கு போடலாமா?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் தகடு விழும். தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விருட்டென்று திரும்பினாள். தாழ்வாரத்துக் கதவருகே ஓர் இளைஞன் நின்றிருந்தான். அவனும் பயந்துதான் போயிருந்தான்.

"ஐயையோ, பேயைப் பாத்த மாதிரி பாக்குறீங்களே... நான் மேல்மாடிதான். புதுசா வந்திருக்கேன்."

அதே கண்கள். அதே மச்சம். ஆனால்... மச்சம் வலது கண்ணுக்குக் கீழே இருந்தது!

அவள் சட்டென்று ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் சுவரோரம் ஒதுங்கி விளக்கைப் போட்டுவிட்டான். வெளியே மழை மட்டும்தான்.

மேல்மாடியில் அவன் பெயர் 'கணக்கு'. வானத்தில் அலைகிற கற்கள் எந்த வழியில் போகும், எப்போது திரும்பி வரும் என்று கணக்குப் போடுவதுதான் அவன் பிழைப்பு. புதிதாக ஒரு கல் அகப்பட்டிருக்கிறதாம். ஒரு மலையளவு இருக்கும். பூமியைப் போலவே சூரியனைச் சுற்றுகிறது. ஏறக்குறைய அதே பாதை, கொஞ்சம் மெதுவான நடை. பல வருஷங்களுக்கு ஒருமுறை பூமி அதை எட்டிப் பிடிக்கும். அப்போது அது பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, மறுபடி பின்தங்கிவிடும். இத்தனை காலமும் யாருக்கும் தெரியாமல் வந்து வந்து போயிருக்கிறது. மேலே எல்லோரும் அதை 'விருந்தாளி' என்றுதான் சொல்கிறார்களாம்.

"கூப்பிடாம வர்றதுக்குப் பேரு விருந்தாளியா?" என்று அவளையும் அறியாமல் கேட்டுவிட்டாள்.

அவன் சிரித்தான். "பரவாயில்லையே... கண்ணாடி பேசும்னு யாரும் சொல்லலையே எங்கிட்ட."

அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அதன் பிறகு அவன் சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். கல்லைப் பார்த்தது இந்தப் பருவத்தில் மட்டும், அதுவும் சில வாரங்கள்தான். அதை வைத்து முழுப் பாதையையும் சொல்ல முடியாது. எப்போதோ பழைய காலத்தில், வேறு எதையோ எடுத்த தகட்டில் தற்செயலாக அது விழுந்திருந்தால், அந்த ஒரு கோடு போதும்.

"உடைஞ்ச வளையல் துண்டு மாதிரி" என்றாள் அவள், மேசையைப் பார்த்துக்கொண்டு. "ஒரு சின்னத் துண்டை வச்சு வளையலோட அளவைச் சொல்ல முடியாது. தள்ளி இன்னொரு துண்டு கிடைச்சா சொல்லிடலாம்."

 அவள் நிமிர்ந்தபோது அவன் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். "நாங்க இதைச் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்குவோம்" என்றான் மெதுவாக.

வெளியே இரண்டு முறை ஹாரன் அடித்தது. அண்ணன். தினமும் அப்படித்தான்... இரண்டு முறை அடிப்பான், அவள் வரும் வரை வண்டியை நகர்த்த மாட்டான். வழக்கம்போல் குடையை வேனிலேயே மறந்து வைத்திருந்ததால், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

வேன் கிளம்பியதுமே அண்ணன் கேட்டான், உள்ளே யார் சிரித்தது என்று. சொன்னாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் பேசினான். "மேல்மாடி ஆளுங்க மழை மாதிரிம்மா. வருவாங்க, போயிடுவாங்க. நனையறது நாமதான். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை என் காதுல விழட்டும்... வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

சொன்னால் செய்கிறவன் அண்ணன். 

அடுத்த வாரமும் மழை விடவில்லை. கணக்கு கேட்ட திசையில் எடுத்த தகடுகளை ஒவ்வொன்றாகத் தேடினாள். பகலில் அவன் இரண்டொரு முறை வந்து, எதுவும் அகப்பட்டதா என்று கேட்டுவிட்டுப் போனான். கேட்டு முடித்த பிறகும் கதவருகே சும்மா நிற்பான். இவள் நிமிர்ந்தால், "இந்த அலமாரி நல்லா இருக்கு" என்பது போல் எதையாவது உளறிவிட்டு ஓடிவிடுவான்.

ஆனால் சாயங்காலமானால்... இன்னொருவன் வந்தான்.

விளக்கு மேசையிலிருந்து கண்ணை எடுக்கிற ஏதோ ஒரு கணத்தில், ஜன்னலுக்கு வெளியே அந்த முகம். இடது கண்ணின் கீழ் மச்சம். மழையில் நனையாத சட்டை.  தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மறுபடி பார்த்தால் இருக்காது. ஒருநாள் வெளியே போய் ஜன்னலடியில் தரையைப் பார்த்தாள். சேற்றில் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

வீட்டில் சின்னவளிடம் மட்டும் சொன்னாள். சின்னவள் இப்போது வளர்ந்திருந்தாள், வாயும் கூடவே நீண்டிருந்தது. "உள்ள வர்றது ஒருத்தர், வெளிய நிக்கிறது ஒருத்தர். மச்சம் மட்டும் இடம் மாறியிருக்கு. ஒரே அச்சுல ரெண்டா?" என்று யோசித்தவள், கடைசியில் கண்ணடித்தாள். "அது சரி... ரெண்டுல எதுக்கா நீ புதுப் புடவை கட்டிட்டுப் போறே?"

தலையணை பறந்தது.

திங்கட்கிழமை விருந்தாளி அகப்பட்டது.

முழுத் தகட்டில் இல்லை. உடைந்த தகடுகளைப் போட்டு வைத்த மரப்பெட்டியில், உள்ளங்கையளவு சில்லு ஒன்றில். காலம் தின்றது போக அதில் தெளிவாக மிஞ்சியிருந்தது இரண்டே நட்சத்திரங்கள். அவற்றுக்கு நடுவில், சற்றே தள்ளி, மயிரிழை போல ஒரு கோடு. நட்சத்திரம் என்றால் புள்ளியாக விழும். நகர்கிற பொருள்தான் கோடாக விழும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அவள் பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் இது வந்திருக்கிறது... பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறது. படம் எடுத்தவர்கூடக் கவனிக்கவில்லை.

அளவு மேசையில் சில்லைப் பொருத்தினாள். தகட்டின் ஒரு முகம்தான் மருந்து பூசியது, படம் படிந்தது. அது மங்கலாக இருக்கும், மறுமுகம் வெறும் கண்ணாடி, பளபளக்கும். மங்கின முகம் மேலே... வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் விதி. இந்தச் சில்லில் மட்டும் இரண்டு முகமுமே பளபளத்தன. யாரோ அந்தக் காலத்தில் படம் அழியாமலிருக்க வார்னிஷ் அடித்திருக்க வேண்டும். அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். அதற்குள் கணக்கு வந்து பக்கத்தில் நின்றுவிட்டான். அவன் தோள் அவள் தோளுக்கு அவ்வளவு அருகில்... எந்த முகம் மேலே என்பது அவள் நினைவிலிருந்தே நழுவிப்போனது. நட்சத்திரத்துக்கு எந்தப் பக்கம் கோடு, எவ்வளவு தூரம் என்று அவள் படித்துச் சொல்ல, அவன் எழுதிக்கொண்டான்.  

செவ்வாய்க்கிழமை அவன் கீழே வரவே இல்லை.

காலையிலிருந்து ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தலை நிமிர்ந்து நிமிர்ந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம். சாயங்காலம் மழை வலுத்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்...

பார்த்தாள்.

அவன் நின்றுகொண்டிருந்தான். இந்த முறை மறையவில்லை. கண்ணாடிக்கு அவ்வளவு நெருக்கத்தில் நின்றிருந்தான். அவள் பார்த்திருக்க, அவன் உதடுகள் அசைந்தன. ஒரே ஒரு வார்த்தை. பற்களுக்கு நடுவில் நாக்கு நுனி எட்டிப் பார்த்தது, உதடுகள் ஒட்டின, பிறகு குவிந்தன. மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மறுபடியும் அதே வார்த்தை. அவள் விசுக்கென்று பின்னால் திரும்பினாள். தாழ்வாரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். மழை... அதற்குள் அவளுடைய வெளிறிய முகம்.

புதன்கிழமை கணக்கு வந்தபோது அவன் முகமும் அப்படித்தான் வெளிறியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

பழைய தகட்டுக் கோட்டையும் இப்போது பார்த்ததையும் சேர்த்துப் பாதையைப் போட்டுவிட்டானாம். விருந்தாளி இன்னும் ஒருமுறை விலகிப் போகும். அதற்கடுத்த முறை வரும்போது...

"நிக்காது" என்றான். "நேரா உள்ள வந்துடும்."

அப்போது அவளுக்கும் அவனுக்கும் தலை நரைத்திருக்கும். அவ்வளவு சீக்கிரம். நாளைக் காலை மேடத்தின் தலைமையில் கூட்டம், அது முடிந்ததும் எல்லா நாட்டு நிலையங்களுக்கும் செய்தி போய்விடும். அவள் சுவரைப் பார்த்தாள். விளக்கு மேசையை, அலமாரிகளை, அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். எல்லாமே ஏற்கெனவே நடந்து முடிந்துபோன ஒன்றின் படம் போலத் தோன்றியது.

"உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றான். குரலில் பயம் பாதி, சாதித்துவிட்ட பெருமை பாதி.  உலகம் அழியப் போவதாகச் சொல்கிறான்... இவளுக்கோ 'முதல்ல' என்ற அந்த ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பக் கேட்கிறது!

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு நிலைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலையை அவிழ்த்தாள். பின்னால் வந்து நின்ற சின்னவள், தன் புது கிளிப்பை அக்காளின் தலையில் குத்திப் பார்த்தாள். சரியாக உட்காரவில்லை.

"திருப்பு" என்றாள்.

அக்காள் கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளின் பற்களுக்கு நடுவில் நாக்கு நுனி எட்டிப் பார்த்தது. உதடுகள் ஒட்டின. பிறகு குவிந்தன.

"என்ன சொன்னே?"

"திருப்புன்னேன். கிளிப்பு தலைகீழா இருக்கு. ஏன்கா இப்படி முழிக்கிற?"

கண்ணாடிக்குள் இருந்த சின்னவளுக்கு மூக்குத்தி வலது பக்கம். திரும்பிப் பார்த்தாள். நிஜச் சின்னவளுக்கு இடது பக்கம்! பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த நொடியில் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மச்சம் இடம் மாறவில்லை. ஆள் இரண்டில்லை. வெளியே யாருமே நிற்கவில்லை. கதவருகே, அவளுக்குப் பின்னால்... உள்ளேதான் நின்றிருக்கிறான் ஒருவன்.

வெட்கம் வந்து முடிவதற்குள் அடுத்தது வந்தது. பக்கம் மாறினால் மச்சமே மாறுகிறது. அப்படியானால் அந்தச் சில்லு...?

காலையில் முதல் ஆளாகப் போய் அறையைத் திறந்தாள். அளவு மேசையில், வைத்தது வைத்தபடி இருந்தது சில்லு. ஊசி ஒன்றை எடுத்து, அதன் முனையை நட்சத்திரத்தின் மேல் மெல்ல வைத்தாள். படம் இந்த முகத்தில் இருந்தால் ஊசி முனை நட்சத்திரத்தைத் தொட வேண்டும்.

தொடவில்லை. ஊசிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் கண்ணாடியின் கனம் அளவுக்கு ஒரு வெற்றிடம் தெரிந்தது. தண்ணீருக்கடியில் கிடக்கிற ஒன்றைத் தொடப் பார்த்தது போல... அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தலைகீழாக வைத்துவிட்டாள். வலது இடதாகிவிட்டது. நிறைய நட்சத்திரங்கள் இருந்திருந்தால் அவை நிற்கிற வடிவமே காட்டிக் கொடுத்திருக்கும்; இரண்டே இரண்டு என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வேலை போகும். வாசலில் நாள் கணக்கில் நின்ற அண்ணனின் தலை தாழும். எல்லாவற்றுக்கும் மேலே... புதிதாக வந்தவன், கூட்டத்துக்கு முன்னால் கோமாளியாக நிற்பான். அவளை நம்பியதால். அதன் பிறகு அவன் எதற்காகக் கீழே வரப் போகிறான்?

சொல்லாவிட்டால், உலகத்தில் எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பேர், வராத ஒரு நாளுக்காகப் பயந்துகொண்டே வாழ்வார்கள். ஜன்னலைப் பார்க்காமலே வளர்ந்த அவளைப் போல.

முதன்முறையாக மேல்மாடிப் படி ஏறினாள்.

கூட்ட அறை வாசலில் காகிதக் கட்டோடு நின்றிருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவள் சொல்லச் சொல்ல, மலர்ந்த முகம் அப்படியே கல்லாகிக்கொண்டு வந்தது.

"இப்ப வந்து சொல்றீங்க" என்றான்.

"இப்பதான் தெரிஞ்சுது."

"மேடம் உள்ள உக்காந்திருக்காங்க. எல்லாரும் உக்காந்திருக்காங்க. நான் போட்ட கணக்கு தப்புன்னு போய்ச் சொல்லணுமா?"

"கணக்கு தப்பில்ல. நான் குடுத்தது தப்பு. என் பேரைச் சொல்லுங்க... நானே வந்து சொல்றேன் வேணும்னா."

 காதுகள் சிவந்திருந்தன. ஊசியையும் சில்லையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கீழே வந்து தன் சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டாள். எந்த நிமிஷமும் கூப்பிடுவார்கள், அப்படியே போய்விடலாம் என்று. யாரும் கூப்பிடவில்லை. மதியம் போனது. மேலே நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது, அடங்கியது. சாயங்காலம் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அறை இருட்டியது. அவள் விளக்கு மேசையை மட்டும் போட்டாள். கை வேலை செய்தது, மனசு எங்கேயோ கிடந்தது.

நிமிர்ந்தாள். ஜன்னலில் அந்த முகம். இடது கண்ணுக்குக் கீழே மச்சம்.

இந்த முறை அவள் பயப்படவில்லை. திரும்பவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தே பேசினாள்.

"உள்ள வாங்க. எத்தனை நாளைக்கு அங்கயே நிப்பீங்க?"

கண்ணாடிக்குள் இருந்தவன் தூக்கிவாரிப் போட்டது போல நிமிர்ந்தான். பிறகு அசடு வழிந்தான். அசடு வழியும்போதும் அழகாகத்தான் இருந்தான், பாவி.

"எப்படித் தெரிஞ்சுது?"

"மச்சம் காட்டிக் குடுத்துடுச்சு."

காலையில் நடந்ததைக் கதவருகிலிருந்தே சொன்னான். சில்லையும் ஊசியையும் மேடத்தின் முன்னால் வைத்தானாம். எந்த முகம் மேலே என்று கேட்டுச் சரிபார்க்காமல் ஓடியது தன் அவசரம்தான் என்று சொன்னானாம். மேடம் தானும் ஊசியை வைத்துப் பார்த்தாராம். பிறகு, திருப்பி வைத்துப் புதுக் கணக்குப் போடச் சொன்னாராம். அதைப் போட்டு முடிக்கத்தான் இவ்வளவு நேரம்.

"அப்ப விருந்தாளி?"

"வரும். தூரத்துல நிக்கும். பாக்கும். போயிடும். எப்பவும் போல."

"உங்களைத் திட்டினாங்களா?"

"ம்... நல்லாவே. உங்களைத்தான் கேட்டாங்க, அந்தப் பொண்ணு எங்க, இனிமே சில்லுப் பெட்டி முழுக்க அவ பொறுப்புன்னு." தரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தான். "காலையில உங்க முகத்தைப் பாக்கத் தைரியம் இல்ல. கோவம் உங்க மேல இல்ல. எம்மேல. அதைச் சொல்லாமலே உள்ள போயிட்டேன்."

அவள் கண்கள் நிறைந்தன. நல்லவேளை, கண்ணாடியில் மழைத் தாரைகள் இருந்தன... எது மழை, எது கண்ணீர் என்று அவனுக்குத் தெரியப் போவதில்லை.

"தினமும் சாயங்காலம் வந்து நின்னீங்களே. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல? நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"

"கூப்பிடத்தான் வருவேன். நீங்க வேலை செய்யறதைப் பாத்தா வாய் வராது. கல்லைப் பத்திக் கேக்க வந்தேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் திரும்பிப் போயிடுவேன். மன்னிச்சுக்குங்க... பயமுறுத்தணும்னு நினைக்கல."

"செவ்வாய்க்கிழமை ஏதோ சொன்னீங்களே. உதடு அசைஞ்சுதே."

அவன் முகத்தில் குழப்பம் படர்ந்தது. "செவ்வாய்க்கிழமையா? செவ்வாய்க்கிழமை நான் ஊர்லயே இல்லையே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு போயிருந்தேன். கணக்கைக்கூட அங்க உக்காந்துதான் போட்டேன்."

அறைக்குள் திடீரென்று குளிர்ந்தது. விளக்கு மேசை மெல்ல ரீங்கரித்தது. அவள் ஜன்னலையே பார்த்தாள். மழை, செடிகள், இருட்டு... அதற்குள் அவன், அதற்குள் அவள். செவ்வாய்க்கிழமை அங்கே யார் நின்றது?

அவன்தான் மெதுவாகக் கேட்டான், விளையாட்டாகவும் இல்லாமல், வினையாகவும் இல்லாமல். "அன்னைக்கு... நான் வருவேன்னு எதிர்பாத்தீங்களா?"

பொய் சொல்லலாம். கண்ணாடியைப் பார்த்துப் பொய் சொல்வது சுலபம்தான்.

"காலையிலேர்ந்து" என்றாள். "கழுத்து வலிக்கிற வரைக்கும். வராம போயிடுவீங்களோன்னு..." குரல் உடைந்தது. "நீங்க இல்லாட்டி இந்த அறை முன்ன மாதிரி இல்ல எனக்கு."

மழை ஒரு கணம் நின்று கேட்டது போலிருந்தது. கண்ணாடிக்குள் அவன் ஓரடி முன்னால் வந்தான். இன்னும் ஓரடி. அந்தக் கண்களில் இப்போது தேடல் இல்லை.

"எனக்கும் கணக்கெல்லாம் அப்புறம்தான். உங்களைப் பாக்கத்தான் வர்றேன். முதல் நாள்லேர்ந்து." பற்களுக்கு நடுவில் நாக்கு நுனி எட்டிப் பார்த்தது. உதடுகள் ஒட்டின, குவிந்தன. "திரும்பு."

'ங்க' இல்லாத முதல் வார்த்தை. செவ்வாய்க்கிழமை ஜன்னல் சொன்னது எந்த வார்த்தை... திருப்பு என்றா, திரும்பு என்றா? இனி அதைக் கேட்டுச் சொல்ல யாரும் இல்லை.

அவள் திரும்பினாள். மச்சம் வலது கண்ணுக்குக் கீழே இருந்தது. அவ்வளவு பக்கத்தில்.

அவனுக்குப் பின்னால், திறந்த கதவில், அண்ணன் நின்றிருந்தான்.

எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான்... தெரியாது. இன்றைக்கு ஹாரன் அடித்ததா? அதுவும் தெரியாது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் அவள் வேனில் மறந்து வைத்த குடை.  கணக்கு சட்டென்று விலகி நின்றான். "அண்ணே..." என்று ஆரம்பித்தான். 

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். அழுது சிவந்த கண்களை, விளக்கு வைத்த பிறகும் ஜன்னலை விட்டு ஒதுங்காமல் அதன் அருகிலேயே தைரியமாக நிற்கிறவளை. மேசை மேல் தயாராகக் கட்டி வைத்திருந்த சாப்பாட்டுப் பை அவன் கண்ணில் பட்டது. அதை எடுத்துக்கொண்டான். அது இருந்த இடத்தில் குடையை வைத்தான்.

ஒரே குடை.

திரும்பி நடந்தான். தாழ்வாரத்தில் ஈரச் செருப்பின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. வண்டி கிளம்பியது. வேனின் சிவப்பு விளக்குகள் இரண்டும் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தன, மழையில் நனைந்தபடி, சிறிதாகிக்கொண்டே. அவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.